எதிர்த்தரப்பு சாட்சியின் பல் செட்

அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதிலும், பிற்பாடு வழக்குக் காகிதங்களிலும் மட்டும் இருந்தது. இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் சமைத்தாள், தூங்கினாள். மற்றதில் ஊரில் இருக்கிற வாயெல்லாம் இருந்தது. பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், மேல்தாடை தனி, கீழ்த்தாடை தனியாகப் பலகைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்துப் பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதற்கேற்ற பல் செட்டைச் செய்து திருப்பி அனுப்புவாள். போட்டுக்கொள்கிற ஆளை அவள் பார்ப்பது அபூர்வம். கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் ஒரு கணம் நின்று, ‘இது நம்ம வேலை’ என்று நினைத்துக்கொள்வாள். சில நாள் ‘நல்லவேளை, நம்ம வேலை இல்லை’ என்றும் நினைப்பாள்.

வேலையை யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியில் தட்டு கழுவப் போனவள், குப்பையில் போட்ட பழைய செட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து அறுத்துப் பார்த்தாள், உடைத்துப் பார்த்தாள், மறுபடி ஒட்டிப் பார்த்தாள். அவள் முதன்முதலில் செய்த செட்டைப் பற்றி ஒரு பெரியவர், “சாப்பிடும்போது மட்டும் கழட்டி வெச்சுக்கறேன், மத்தபடி அருமை” என்று டாக்டரிடம் சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் எந்தச் செட்டையும், கீல் வைத்த சட்டத்தில் மாட்டி மேலும் கீழும் கடிக்கவிட்டுப் பார்க்காமல் அவள் கையைவிட்டு அனுப்பியதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. டயர் மாற்றும் கடையில் வேலை பார்த்தான். தொழில் தெரிந்தவன். பேச்சில் தேன் ஒழுகும். ஒரு பெண்ணை விரும்பினான். அந்தப் பெண்ணுக்கும் சம்மதம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தன் அண்ணன் ஊரெல்லாம் வாங்கிய கடனைத் தன் சம்பளத்திலிருந்து அடைத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை ஏழையாக இருக்கலாம், கடன்காரனாக இருக்கக் கூடாது.

தம்பி ஒருநாள் அக்காவின் வேலை அறைக்கு வந்தான். அவள் பாலிஷ் சக்கரத்தில் ஒரு செட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சொந்தமா கடை போடலாம்னு இருக்கேன். பணம் வேணும்.”

“எவ்வளவு?”

சொன்னான். அவள் சக்கரத்தை நிறுத்தினாள். அது அவள் சேமிப்பு முழுவதும்.

“மூணு வருஷத்துல திருப்பிக் குடுத்துடறேன். எழுதித் தரச் சொன்னாலும் தரேன்.”

“என் கையைப் பாரு, ஒரே பாலிஷ் மாவு. இந்தக் கையால வாங்கினா காகிதம்தான் பாழாகும், போடா.”

“இன்னொண்ணுக்கா. அவங்க வீட்டுல இது கடன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. அவரைத் தெரியும்ல? கடன்னா தெருவையே மாத்திப் போற ஆளு.”

“சரி, சொல்லலை.”

இரண்டு வீட்டாரும் பேசி முடிக்க உட்கார்ந்த நாளில், கண்டக்டர் தேநீரை ஊதிக்கொண்டே, “கடைக்கு முதல் எங்கேர்ந்து வருது?” என்று கேட்டார். தம்பி பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்: “நான் குடுக்கறேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அதில் பொய்கூட இல்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. முகம் தெரியாத வாய்களுக்கு வேலை செய்து பழகியவளை இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஒரு படி மேலே போனாள். “என் தம்பிக்கு நான் குடுக்கறது. திரும்பக் கேக்கற பணம் இல்ல.”

கண்டக்டர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இப்படி ஒரு அக்கா இருக்கும்போது நான் வேற என்னத்தைக் கேக்கறது?” என்றார். மகளின் கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி தம்பி கேட்கவில்லை. அது அவளே போட்ட மெருகு.

கல்யாணம் நடந்தது. கடை வந்தது. கண்டக்டர் மகளோடு வந்து தங்கினார். அவருக்குப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது டாக்டர் அச்செடுத்து அவளிடம்தான் அனுப்பினார். சம்பந்தி வாயாயிற்றே என்று அவள் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். போட்டுக்கொண்ட முதல் நாளே அவர் மாடியேறி வந்து, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று பழைய பஸ் குரலில் கத்திக் காட்டினார். “அம்மா, ‘ப’ சரியா விழுது. வேலையை மறுபடி குடுத்தாலும் பாப்பேன்!”

மூன்று வருஷம் போனது. அதற்குமேலும் போனது. கட்டடத்தின் சொந்தக்காரர் வீடுகளைத் தனித்தனியாக விற்கப்போவதாகச் சொன்னார். இருக்கிறவர்கள் வருஷ முடிவுக்குள் முன்பணம் கட்டினால் அவர்களுக்கே, இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அவளுக்கு வீடு என்பதைவிட அந்த வேலை அறைதான் பெரிது. வடக்கு ஜன்னலில் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் விழும். பல்லின் நிறத்தை அந்த வெளிச்சத்தில்தான் பொருத்த முடியும். நான்கு டாக்டர்கள் நடக்கிற தூரத்தில் இருந்தார்கள். அந்த இடத்தை விட்டால் பாதி வேலை போய்விடும். தம்பியிடம் இருக்கிற பணம் வந்தால் முன்பணம் கட்டிவிடலாம்.

கேட்டாள். “அடுத்த மாசம்” என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். பிறகு போனை எடுக்கவில்லை. ஒருநாள் கடைக்கே போனாள். அவன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வராமலே பேசினான்.

“இப்ப எங்கேக்கா போவேன் அவ்வளவு பணத்துக்கு? கடையை வித்துட்டு உனக்கு ரூம் வாங்கித் தரவா?”

“முகத்தைக் காட்டிப் பேசுடா.”

“வேலையா இருக்கேன்கா.”

அவன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து நேரே, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வக்கீலம்மா வீட்டுக்குப் போனாள்.

வக்கீல் நோட்டீஸ் தம்பி வீட்டுக்குப் போனபோது கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கண்டக்டர். “என்ன மாப்பிள்ளை இது?” என்று கேட்டார். அந்த இடத்தில் தம்பிக்கு இரண்டே வழிதான் இருந்தது. அன்றைக்கு ஏமாற்றினோம் என்று மாமனாரிடம் சொல்லலாம். இல்லையென்றால் அக்கா மேல் பழியைப் போடலாம். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கறா, மாமா. பணத்தாசை” என்றான். அவன் வக்கீல் அதையே நீட்டி முழக்கி, பணம் அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பதில் மனுவில் எழுதினார். பணம் கைமாறியதை யாரும் மறுக்கவில்லை. அது கடனா அன்பளிப்பா என்பதுதான் வழக்கு.

அவள் கூண்டில் ஏறிய நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “திரும்பக் கேக்கற பணம் இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன்.”

அவளுடைய வக்கீலம்மா எழுந்து, “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கதவைத் திறந்துவிட்டாள். பின்வரிசையில் தம்பியின் மனைவி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லக்கா அவளைப் பார்த்தாள்.

“அன்னைக்கு அப்படிச் சொல்லத் தோணுச்சு” என்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா பொரிந்து தள்ளினாள். “அவர்தான் சொல்ல வெச்சாருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நானே உங்க வாயில ஊட்டிவிட முடியுமா?”

“அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சு.”

“இருந்தா?”

“பணத்தை வாங்கத்தான் கேஸ் போட்டேன். அவன் மானத்தை வாங்கறதுக்கு இல்ல.”

“உங்க மாதிரி நாலு கட்சிக்காரங்க கிடைச்சா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா அடுத்த வழக்குக்கு ஓடினாள். அடுத்தது எதிர்த்தரப்பு சாட்சிகள். ஒரு புதன்கிழமை குறித்தார்கள். முதல் சாட்சி கண்டக்டர்.

செவ்வாய்க்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. கண்டக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் இன்னொரு கைக்குட்டை. அதைப் பிரித்தார். மேல் செட் நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது.

“வாஷ்பேசின்ல விழுந்துடுச்சு. டாக்டர் ஊர்ல இல்ல. பண்ணினவங்களே ஒட்டினாதான் நாளைக்குள்ள ஆகும்னு அங்க இருக்கற பொண்ணு சொல்லுச்சு.”

பல் இல்லாத வாயில் பாதி எழுத்துகள் காற்றாகத்தான் வந்தன. அவளுக்கு அது பழக்கமான பாஷை. ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

“உள்ள வாங்க மாமா.”

வழக்கு ஆரம்பித்தபின் அவர் அந்தப் படி ஏறியதில்லை. வந்தும் உட்காராமல் நின்றார். அவள் துண்டுகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தாள். சுத்தமான பிளவு. இரண்டையும் சேர்த்து மெழுகால் நிறுத்தி, அடியில் பிளாஸ்டர் ஊற்றி வைத்தாள்.

“இறுகணும். நேரமாகும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். “நாளைக்கு எனக்கு கோர்ட்டுல சாட்சி.”

“தெரியும் மாமா. எனக்கு எதிராத்தானே?”

“ஆமா.”

“அப்ப கொஞ்சம் அழுத்தமாவே ஒட்டறேன். நடுவுல கழண்டு விழுந்தா என்னைத்தான் சொல்லுவாங்க.”

அவர் சிரிக்கக் கூடாது என்றிருந்தார். கைக்குட்டைக்குப் பின்னால் ஏதோ ஒன்று அசைந்தது.

பிளாஸ்டர் இறுகியதும் செட்டைக் கழற்றி, பிளந்த ஓரங்களை ராவினாள். பொடியையும் திரவத்தையும் கலந்து அந்த வாய்க்காலில் நிரப்பினாள். திரவத்தின் நெடி அறை முழுக்கப் பரவியது. அவர் பலகையில் இருந்த தாடைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நானும் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்மா. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது உனக்கே நல்லா இருக்கா? என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நீ சொன்னதை அப்படியேதான் நாளைக்குச் சொல்லுவேன்.”

“அப்படியேதான் சொல்லணும். நீங்க கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு.”

“தப்புன்னா? ஏன் சொன்னே அப்ப?”

அவள் செட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, பாத்திரத்தை மூடினாள். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேட்கிறவர் எதிரில் இருக்கிறார், நாளைக்குக் கூண்டில் ஏறப்போகிறவர், வேறு யாரும் இல்லை. வக்கீலம்மா இருந்திருந்தால் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளியிருப்பாள். கையைத் துடைத்த துணியையே மறுபடி எடுத்துக் கையைத் துடைத்தாள்.

“அன்னைக்குக் கூடத்துல எல்லாரும் இருந்தோமே மாமா. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்க.”

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தார். பஸ்ஸில் கூட்டத்துக்குள் நுழையும்போது டிக்கெட் வாங்காதவன் யார் என்று அவருக்குக் கேட்காமலே தெரியும். வாங்கினவன் கண்டக்டரைப் பார்ப்பான், இல்லை தன் பாட்டுக்குத் தூங்குவான். வாங்காதவன் வெளியே வேடிக்கை பார்ப்பான். இதை அவர் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எத்தனையோ தடவை கதையாகச் சொல்லியிருக்கிறார்.

“எல்லாரும் உன்னைத்தான் பாத்தோம்” என்றார் மெதுவாக. “எல்லாரும்...” என்று மறுபடி ஆரம்பித்து நிறுத்தினார்.

அவள் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பாலிஷ் சக்கரத்தைப் போட்டாள். அதன் சத்தத்தில் பேச முடியாது. அது ஓய்ந்ததும் செட்டைக் கழுவி அவரிடம் நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டதும், கடி எங்கே அழுத்துகிறது என்று காட்டும் ஒரு நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்தாள்.

“கடிங்க.”

கடித்தார்.

“பக்கவாட்டுல அரைங்க. மறுபடி.”

அவர் வாய் நிறைய நீலத் தாளோடு, கண்ணை மட்டும் அவள் மேல் வைத்து அரைத்தார். கழற்றிப் பார்த்தாள். ஒரு கடைவாய்ப் பல்லில் நீலம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அங்கே மட்டும் ஒரு பொட்டு ராவினாள்.

“எவ்வளவு ஆச்சு?” என்றார், பல்லோடு, பழைய கணீர்க் குரலில்.

மற்றவர்களிடம் வாங்குவதையே சொன்னாள்.

“சம்பந்தின்னு இனாமாச் செய்ய மாட்டியா?”

“ஒரு தடவை இனாம்னு வாயை விட்டுட்டுப் படற பாடு போதும் மாமா.”

இந்தத் தடவை அவரால் அடக்க முடியவில்லை. புதிதாக ஒட்டிய பல் தெரியச் சிரித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கீழே இறங்கும்வரை அவர் செருப்புச் சத்தம் நடுவில் இரண்டு இடத்தில் நின்று நின்று கேட்டது.

புதன்கிழமை கண்டக்டர் கூண்டில் ஏறி, அவள் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். “‘என் தம்பிக்கு நான் குடுக்கறது, திரும்பக் கேக்கற பணம் இல்ல’ன்னு சொன்னாங்க. நான் கேட்டேன்.” ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. தம்பியின் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். பல்லக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கு ஜன்னல் போய்விட்டது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வக்கீலம்மா குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், “இன்னொண்ணும் இருக்கு” என்றார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“கேக்கறேன்” என்றாள் வக்கீலம்மா சட்டென்று. “என்ன அது?”

“அவங்க சொன்னப்ப நாங்க எல்லாரும் அவங்களைத்தான் பாத்தோம். என் மாப்பிள்ளை மட்டும் ஜன்னலுக்கு வெளிய பாத்தாரு.”

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். “வெளிய பாக்கறது குத்தமா ஐயா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கையை விரித்தார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. குறித்திருந்தாலும் அதை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் தம்பி சிரிக்கவில்லை. டிக்கெட் வாங்காதவன் கதை அவனுக்கு மனப்பாடம்.

அடுத்தது அவன் சாட்சி. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு என்றார்கள்.

வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச்தான் காலியாக இருந்தது. ஒரு முனையில் பல்லக்காவும் வக்கீலம்மாவும் உட்கார்ந்தார்கள். மறுமுனைக்குக் கண்டக்டர் வந்தார். தம்பி சுவரோரமாக நின்றான். கண்டக்டர் அவனைக் கூப்பிடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

“மாப்பிள்ளை, கடன்காரனுக்குப் பொண்ணு இல்லன்னு சொன்னவன் நான்தான். சொன்னப்ப ஒரு காரணம் இருந்துச்சு. இப்பப் பொண்ணைக் குடுத்தாச்சு, திருப்பி வாங்கற மாதிரி இல்ல. அந்தப் பேச்சை நான் வாபஸ் வாங்கிக்கறேன். இனி உள்ள போய் எதை வேணா சொல்லுங்க. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம்.”

வராந்தாவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பிறகு தம்பி சுவரை விட்டு நகர்ந்து பெஞ்சுக்கு எதிரில் வந்து நின்றான்.

“அக்கா,” என்றான், “மொத்தமா ஒரேயடியா என்னால முடியாது.”

அவ்வளவுதான் சொன்னான். பணமே தர வேண்டியதில்லை என்று அவன் வக்கீல் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். இந்த ஒரு வார்த்தையில் அத்தனையும் போய்விட்டது. வக்கீலம்மா பேனாவைத் திறந்தாள். பல்லக்கா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவன் அதை மாமனார் காதுபடச் சொன்னான் என்பதை முதலில் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

“எவ்வளவு முடியும்?” என்று கேட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது சந்தைப் பேரம். அவன் ஒன்று சொல்ல, வக்கீலம்மா “இதுக்கு வேனுக்கு அடியிலேயே படுத்திருக்கலாம்” என்று சொல்ல, கண்டக்டர் நடுவில் புகுந்து, “உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க” என்று மாப்பிள்ளையை ஏற்றிவிட, ஒருவழியாக மாதத் தவணை ஒன்று படிந்தது. நீதிபதி அதையே தீர்ப்பாக எழுதினார்.

தவணையை வைத்து முன்பணம் கட்ட முடியாது. வருஷம் முடிந்தது, அறைகள் வேறு யாருக்கோ போயின. அவள் நான்கு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்தாள். முன்பு ஒரு சைக்கிள் கடை சாமான் போட்டுவைத்த கிட்டங்கியாக இருந்த இடம். மூன்று பக்கமும் சுவர், நான்காவது பக்கம் கதவு. நிறம் பார்க்க, கையில் பல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். இரண்டு டாக்டர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் வரவில்லை. அவளும் அதைத் தம்பியிடம் சொன்னதில்லை.

முதல் இரண்டு தவணையும் வங்கி வழியாக வந்தன, பேச்சு மூச்சு இல்லாமல். மூன்றாவதைக் கண்டக்டர் அவனையே கூட்டிக்கொண்டு வந்து கொடுக்கச் செய்தார். தன் செட் ஒரு பக்கம் அழுத்துகிறது என்று சொல்லி அவன் வண்டியில் ஏறிக்கொண்டாராம். வாயில் நீலத் தாளைக் கடித்துக்கொண்டு, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி மேஜைக்கு இந்தப் பக்கம் பணத்தோடு நின்றான். பலகையில் தாடைகள். நான்கு புறமும் ஒருமுறை பார்த்தான். ஜன்னலைத் தேடினானோ என்னவோ, அங்கே ஜன்னல் இல்லை. கடைசியில் அவளைப் பார்த்தான்.

“இந்த மாசத்துதுக்கா.”

வாங்கி எண்ணினாள். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

“நமக்குள்ள ரசீது எதுக்குக்கா?”

“பத்திரமா வெச்சுக்கடா. நான் பாட்டுக்கு நாலு பேர் முன்னாடி, வாங்கவே இல்லன்னு ஒரு படி மேல போயிடுவேன்.”

நாற்காலியில் கண்டக்டர் குலுங்கினார். நீலத் தாள் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

“அசையாதீங்க மாமா” என்றாள் அவள், புதுத் தாளை எடுத்துக்கொண்டு. “கடிங்க.”